நத்தையும் சாட்டையும்

2012இல் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களிலிருந்த இரண்டு கேலிச்சித்திரங்களுக்கு, அடுத்தடுத்த மாதங்களில், தமிழ்நாட்டுத் தலைவர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது.

முதலாவது, 1949 ஆகஸ்டில் சங்கர் வரைந்தது. அரசியல் சட்டம் என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்; பின்னால் நேருவும் சாட்டையை ஓங்கி நிற்கிறார். 2006இலிருந்து பதினோராம் வகுப்பு நூலில் இருந்த இந்தப் படத்தை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார், படம் நீக்கப்பட்டது. நூலின் ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது.

அடுத்தது, பன்னிரண்டாம் வகுப்பு நூலில் வந்த ஆர்.கே. லக்ஷ்மணின் படம். இந்தியை எதிர்த்துக் கிளம்பிய மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்பதுதான் அதன் ஹாஸ்யம். ஜூனில் கருணாநிதி அதை நீக்கச் சொன்னார்.

மே மாதத்தில், 'ஒரு சிரிப்பைக்கூடத் தாங்க முடியாதா?' என்று தலித்துகளைக் கேட்ட சில நண்பர்கள் ஜூனில் அப்படிக் கேட்கவில்லை. 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது அவர்கள் நினைவுக்கு வந்தது. வலி நம்முடையதாக இருந்தால் அது சரித்திரம். பிறருடையதானால் வெறும் தொட்டாற்சிணுங்கித்தனம். இந்த மனோபாவம்தான் என்னை உறுத்துகிறது.

கேலிக்குப் பதில் சொல்ல அம்பேத்கருக்குத் தெரியாமலில்லை. வரைவுக் குழுவை, டிராஃப்டிங் கமிட்டியை, 'டிரிஃப்டிங் கமிட்டி' என்று அரசியல் நிர்ணய சபையில் நஸிருத்தீன் அகமது கிண்டல் செய்திருந்தார். 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்: இன்னும் மேலானதைத் தேடுவது திசையற்று மிதப்பது ஆகாது என்று. தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கும் அதே உரையில் கணக்குக் கொடுத்தார். 2 வருஷம், 11 மாதம், 17 நாள். வந்த திருத்தங்கள் 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. நத்தைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் அந்தப் பதில் சபையின் நடுவில் நின்றவருடைய பதில். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பையனுக்கு அந்த இடம் இல்லை. வாலாஜாபாதில் எங்கள் கவுண்ட்டருக்கு உதவித்தொகைக் கணக்குத் தொடங்கப் பிள்ளைகள் வருகிறார்கள். விண்ணப்பத்தில் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக நிரப்புகிறவனுக்கு லக்ஷ்மணின் படம் எப்படிப் படும்? தமிழ்நாட்டில் பல ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக் கூண்டுக்குள்தான் நிற்க முடிகிறது. அந்தக் கூண்டைப் பார்த்தபடி பள்ளிக்குப் போகிறவனுக்கு, அம்பேத்கருக்குப் பின்னால் ஒரு பிராமணர் ஓங்கும் சாட்டை நத்தைக்கு மட்டுமானதாகத் தெரியாது. சங்கர் வரைந்த காலத்தில் இவன் அந்தப் பத்திரிகையின் வாசகனல்ல. இன்று வாசகன். சித்திரம் மாறவில்லை; பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள்.

அப்படியானால் நீக்கியது சரிதானா? இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பி.ஏ. வகுப்பில் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய 'எ மாடஸ்ட் ப்ரபோசல்' படித்தோம். ஏழைகளின் குழந்தைகளைத் தின்னச் சொல்லும் அந்தக் கட்டுரையை, அயர்லாந்தின் வறுமையைச் சொல்லாமல் யாரும் நடத்துவதில்லை. நத்தைப் படத்தின் கீழும் சபைக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று மாணவனைக் கேட்டிருந்தார்கள். கேட்டது சரி, போதவில்லை. நவம்பர் உரையும் கூண்டுச் சிலையும் அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

பிறகு அமைந்த தோரட் குழு பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரைத்தது. உடன்படாமல் மறுப்புக் குறிப்பு எழுதியவர் ஒரு தமிழர்: திராவிட இயக்கத்தின் சரித்திரத்தை அநுதாபத்தோடு எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன். 2014இல் காலமானார். தன் பக்கத்தவர்கள் புண்பட்டிருந்த நேரத்தில் அவர் அதை எழுதினார் என்பதை நம் விமர்சகர்கள் கவனிக்க வேண்டும். படத்தை எடுத்ததில் கேலி மட்டும் போகவில்லை. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வகுப்பும் போயிற்று.