படுக்கையும் முதுமையும்
பிரித்தானியாவில் முதியோர் தாதியியல் ஓர் ஆய்வுத்துறையாக உருப்பெற்றமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுண்ணுயிரைக் கண்டவரும், மருந்தை ஆக்கியவரும், சத்திரசிகிச்சையில் புதுமுறை புகுத்தியவரும் அதில் இடம்பெறுவர். நோயாளியைத் துடைத்து, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைத்த கைகள் அதில் இடம்பெறுவது அரிது. ஆயினும், எழுந்து நடமாட இயலாத முதியவரொருவரின் வாழ்வும் சாவும் அக்கைகளிலேயே பெரிதும் தங்கியிருந்தன. அக்கைகளின் தொழில் எவ்வாறு அறிவுத்துறையாக மாறியது என்பதைப் பிரித்தானிய வரலாற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் உதவி நாடிய ஏழைகளை வறியோர் இல்லங்களுக்குள் ஒதுக்க முனைந்தது. உழைக்கும் வலுவுள்ளோர் உதவி கேட்டு வருவதைத் தடுக்கும் பொருட்டு, அவ்வில்லங்களின் வாழ்வு வெளியிலிருந்த மிக வறிய தொழிலாளியின் வாழ்விலும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. ஆனால் காலப்போக்கில் அவ்வில்லங்களை நிரப்பியோர் வலுவுள்ளோர் அல்லர். முதியோரும் நோயாளரும் அநாதைகளுமே. சோம்பேறியைத் தண்டிக்க எழுப்பப்பட்ட சுவர்கள் முதுமையைத் தண்டிக்கலாயின. அங்கு நோயாளரைக் கவனித்தோரும் அவ்வில்லத்து ஏழைப் பெண்களே. அவர்களுட் பலர் தாமே முதியோர், பயிற்சியற்றோர், ஊதியமின்றி, மேலதிக உணவுக்காகவும் பானத்துக்காகவும் பணிபுரிந்தோர். 1865ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழ் இலண்டன் வறியோர் இல்லங்களின் நோயாளர் பகுதிகளின் நிலையை ஆராய்ந்து வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டில் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பாடசாலையிற் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் பன்னிரு தாதியருடன் லிவர்பூல் வறியோர் இல்லத்துக்குச் சென்று பயிற்சிபெற்ற தாதிமையை அங்கு அறிமுகப்படுத்தினார். 1868இல், முப்பத்தைந்து வயதில், காய்ச்சல் நோயால் அவர் மறைந்தார். வறியோர் இல்லவாசிகளைத் தாதிகளாகப் பயன்படுத்துவதை அரசாணையொன்று தடைசெய்ததோ 1897ஆம் ஆண்டிலேதான். இவ்விடைக்காலத்தின் நீட்சி, முதிய ஏழையின் உடலுக்குச் சமூகம் அளித்த பெறுமதியை உணர்த்தப் போதுமானது.

இக்காலத்திலேயே படுக்கைப்புண் குறித்து இரு கருத்துகள் எழுந்தன. 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது தாதிமைக் குறிப்புகளில், படுக்கைப்புண் பொதுவாக நோயின் குற்றமன்று, தாதிமையின் குற்றமே என்னும் கருத்தை நைற்றிங்கேல் முன்வைத்தார். பாரிசில், முதிய பெண்கள் பெருந்தொகையாகத் தங்கியிருந்த சல்பெற்றியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஷார்க்கோவோ, சிலவகைப் படுக்கைப்புண்கள் நரம்புத்தொகுதியின் சிதைவால் விளைவன எனக் கொண்டார். முதலாவது கருத்துத் தாதியைக் குற்றவாளியாக்கியது; இரண்டாவது புண்ணைத் தவிர்க்க முடியாத ஒன்றாக்கியது. ஒன்று பழியையும் மற்றையது கைவிரிப்பையும் தந்தனவேயன்றி, எந்த நோயாளிக்கு, எப்போது, எத்தகைய கவனிப்புத் தேவை என்ற வினாவுக்கு இரண்டும் விடை தரவில்லை. அவ்விடைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இக்னாஸ் நாஷர் முதியோர் மருத்துவத்துக்கு 'ஜீரியாற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். எனினும் பெயர் தோன்றியதனால் மட்டும் துறை தோன்றிவிடவில்லை. 1935ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அருகிலுள்ள மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, அயலிலிருந்த வறியோர் மருத்துவ விடுதியைப் பொறுப்பேற்றபோது, அங்கிருந்த 714 நோயாளர் வைத்தியர் மாஜரி வாறனின் கவனிப்பின்கீழ் வந்தனர். ஆண்டுக்கணக்காகக் கட்டிலிலேயே கிடந்தோர், மனநோயாளர், வேறு புகலிடமின்மையால் அங்கு தங்கியோர் யாவரும் வேறுபாடின்றி ஒருங்கே வைக்கப்பட்டிருந்தனர். வாறன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார், நோய்க்கேற்ப வகைப்படுத்தினார், விடுதிகளுக்கு வெளிச்சமும் வண்ணமும் ஊட்டினார், இயன்றோரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கப் பயிற்றினார். பலர் வீடு திரும்பினர். காலப்போக்கில் அவருக்குத் தேவைப்பட்ட கட்டில்களின் தொகை 240ஆகக் குறைந்தது. மாற்றமுடியாதது எனக் கருதப்பட்ட நிலையிற் பெரும்பகுதி நோயினால் அன்றி, படுக்கையினாலேயே விளைந்தது என்பதை இது காட்டிற்று. 1943இலும் 1946இலும் அவர் எழுதிய கட்டுரைகள், முதியோர் பிரிவுகள் பொது வைத்தியசாலைகளுக்குள்ளேயே அமைதல் வேண்டும் என வாதிட்டன. 1947இல் றிச்சட் ஆஷர் நீடித்த படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி எழுதினார். அவ்வாண்டிலேயே முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கமும் உருவாயிற்று. அடுத்த ஆண்டில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமாயிற்று.

ஆயினும், நோயாளியை எழுப்புமாறு பணிப்பவர் வைத்தியர், எழுப்புபவர் தாதி. எழுப்ப இயலாதவரை என்செய்வது என்பதும் தாதியின் பிரச்சினையே. விடுதிகளில் நோயாளியின் முதுகைச் சவர்க்காரத்தாலும் மதுசாரத்தாலும் தேய்ப்பது வழிவழி வந்த வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் பயன்தருமா என எவரும் முறையாகச் சோதிக்கவில்லை. இந்நிலையிலேயே இலண்டன் விற்றிங்ரன் வைத்தியசாலையின் முதியோர் பிரிவு முக்கியத்துவம் பெறுகின்றது. அங்கு வைத்தியர் எக்ஸ்ரன் சிமித்தும் அவரது சகாவும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது முதியோர் உறக்கத்தில் எத்தனை முறை அசைகின்றனர் என்பது மெத்தையுடன் இணைத்த கருவியொன்றினால் எண்ணப்பட்டது. ஓரிரவில் 51 முறையோ அதற்கு மேலோ அசைந்தோருக்குப் புண் தோன்றவில்லை. 20 முறையோ அதற்குக் குறைவாகவோ அசைந்தோருட் பெரும்பாலோருக்குத் தோன்றியது. அசைவின்மையே, அதாவது ஒரே இடத்தில் நீடிக்கும் அழுத்தத்தினால் குருதியோட்டம் தடைப்படுவதே, புண்ணின் மூலம் என்பது இதனால் வலுப்பெற்றது.

1962ஆம் ஆண்டில் டொறீன் நோட்டன் என்னும் தாதி, றோடா மக்லாறன், எக்ஸ்ரன் சிமித் ஆகியோருடன் இணைந்து வைத்தியசாலை முதியோர் தாதிமைப் பிரச்சினைகள் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டார். தோலிற் பூசும் பல்வேறு பொருள்களை ஒப்பிட்ட அவ்வாய்வு, பூச்சன்று, ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே புண்ணைத் தடுக்கும் என்ற முடிவுக்கு வந்தது. நோயாளரை ஒப்பிடுவதற்காக அவர்கள் வகுத்த அளவையே பின்னர் உலகெங்கும் 'நோட்டன் அளவை' என வழங்கலாயிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவாற்றல், மலசல அடக்கமின்மை என்னும் ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளிகள் வழங்கப்படும். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாயின் நோயாளி ஆபத்திலுள்ளார் என்பது பொருள். எந்தத் தாதியும் ஒரு காகிதத்துண்டில் கணித்துவிடக்கூடிய இவ்வெளிய கூட்டல், நைற்றிங்கேலும் ஷார்க்கோவும் விடைகாணாத வினாவுக்கு விடையாயிற்று. புண் வருமுன்னரே அதனை எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கலாமாயின் தடுக்கலாம், தடுக்கலாமாயின் தடுக்கத் தவறுவதற்குப் பொறுப்பும் உண்டு. அப்பொறுப்பு தனியொரு தாதியினது மட்டுமன்று. இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவதற்குப் போதிய கைகள் விடுதியில் உள்ளனவா என்ற வினா, தாதியர் தொகையை நிருணயிக்கும் ஆட்சியாளரை நோக்கியதாகும்.

அளவை தோன்றியதனால் அவலம் நீங்கிவிடவில்லை. 1967இல் பார்பரா றொப் தொகுத்து வெளியிட்ட நூல் மனநோய் வைத்தியசாலைகளில் முதியோர் நடத்தப்பட்ட முறையை அம்பலப்படுத்தியது. 1968இல் அரசு வெளியிட்ட விசாரணை முடிவுகள் அக்குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவற்றை மறுத்தன. ஆனால் அடுத்த ஆண்டில் வெளிவந்த ஈலி வைத்தியசாலை விசாரணை அறிக்கை, நீண்டகால நோயாளர் விடுதிகளில் நிகழ்ந்த கொடுமைகளை உறுதிப்படுத்திற்று. அறிவு இருந்தும் ஆளும் பொருளும் அக்கறையும் ஒதுக்கப்படாதவிடத்து அவ்வறிவு ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதற்கு இவை சான்றாகும்.

நோட்டன் 2007இல் மறைந்தார். அவருக்குப் பின் எழுந்த அளவைகள் பல. அவரது அளவையின் நுட்பத்தைக் குறைகண்ட ஆய்வாளரும் உளர். அது இயல்பே. சோதித்துத் திருத்தப்படுவதே ஓர் அறிவுத்துறையின் இலக்கணமன்றோ! வழக்கமாகவும் ஏவலாகவும் கருதப்பட்டதொரு பணி, சோதிக்கத்தக்கது, கற்பிக்கத்தக்கது, கணக்குக் கேட்கத்தக்கது என நிறுவப்பட்டமையே இவ்வரலாற்றின் சாரம். வறியோர் இல்லத்தின் முதிய பெண்ணொருத்தி மற்றொரு முதியவளைக் கூலியின்றிப் புரட்டிப் படுக்கவைத்த காலத்துக்கும், அச்செயலை அறிவியல் ஏற்றுக்கொண்ட காலத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தது. அந்நூற்றாண்டில் புண்ணுற்றுக் கிடந்தோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே மருத்துவத்தின் வரலாறு முழுமை பெறும்.