வங்கியில் ஒரு புகார்ப் புத்தகம் இருக்கிறது

"புகார்ப் புத்தகம் கொடுங்கள்" என்று வங்கியில் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் ஒரு முறை கேட்டேன். மூன்று தடவை கேட்ட பிறகு மேனேஜர் அறை பீரோவிலிருந்து எடுத்து வந்தார்கள். ஒரு பக்கம்கூட எழுதப்படாமல் புத்தம் புதிதாக இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அந்தப் புத்தகம் அந்த பீரோவுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதே ஒரு சரித்திரம்.

1969 ஜூலை 19-ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அப்போது நாடு முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262தான். அதுவரை வங்கி என்றால் மண்டி முதலாளிக்கும் மில்காரருக்கும் உரிய இடம். நம்மைப் போன்றவர்களுக்குத் தபால் ஆபீஸ் சேமிப்பு, இல்லாவிட்டால் அடுப்பங்கரைப் பானை. நாட்டுடைமைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே கிளைகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. கூட்டமும் வந்தது, கூட்டத்தோடு சலிப்பும் வந்தது. பித்தளை டோக்கன் உங்களுக்கு நினைவிருக்கும். செக்கைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். செக் பேரேட்டுக்குப் போகும், அங்கிருந்து கையெழுத்து ஒப்பிடும் அதிகாரியிடம் போகும், கடைசியாகக் கம்பி வலைக்குள் இருக்கும் காசாளரிடம் போகும். நூறு ரூபாய் எடுக்க ஒரு காலை நேரம் போய்விடும்.

இந்தச் சலிப்பை முதலில் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டது, 1975-ல் மத்திய அரசு அமைத்த ஆர்.கே. தல்வார் குழு. வங்கிகளில் வாடிக்கையாளர் சேவை எப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. தல்வார் அப்போது ஸ்டேட் வங்கியின் தலைவர், 1969 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். குழு வேலை செய்த காலம் நெருக்கடி நிலைக் காலம். ஒரு சிமென்ட் கம்பெனியின் கடன் விஷயத்தில் சஞ்சய் காந்தி தரப்பு சொன்னபடி நடக்க மறுத்ததால், 1976-ல் அவரே பதவியை விட்டுப் போக நேர்ந்தது. இதை அவரோடு பணியாற்றிய என். வாகுல் பின்னாளில் விவரமாக எழுதியிருக்கிறார். குழுவின் அறிக்கை 1977-ல் வந்தது.

எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். தல்வார் அரவிந்தர் ஆசிரமத்து அன்னையின் பக்தர். கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார், 2002-ல் காலமானார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிறகு தமிழ்நாட்டில் அரசு எழுத்தர் வேலை. மனைவியின் ஊர் என்பதால் இப்போது இந்த நாட்றாம்பாளையத்து மலைக்காற்று.

பள்ளியில் சரித்திர வாத்தியார் 'காயே த தொலெயான்ஸ்' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். குறை எழுதும் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1789-ல் வெர்சாய் சபை கூடுவதற்கு முன், பிரான்சின் ஊர் ஊராக மக்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பும்படி மன்னர் கேட்டுக்கொண்டார். உப்பு வரி, வேட்டை உரிமை, பிரபுவின் புறாக்கள் பயிரைத் தின்பது வரை எழுதினார்கள். அந்த ஜூலையிலேயே பாஸ்டீல் விழுந்தது. வங்கியில் புகார்ப் புத்தகத்தைப் பூட்டி வைப்பதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்!

அடுத்தது 1990-ல் ரிசர்வ் வங்கி அமைத்த கொய்போரியா குழு. எம்.என். கொய்போரியாவும் ஸ்டேட் வங்கித் தலைவராக இருந்தவர்தான். 1991 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார், 97 பரிந்துரைகள். எனக்குப் பிடித்தது மிகச் சின்ன ஒன்று. வாடிக்கையாளர் நேரம் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே ஊழியர் வேலை தொடங்க வேண்டும். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் ஊழியர் வந்து, சாவி தேடி, பேனாவில் மை ஊற்றுவதைப் பார்த்து நொந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். வெளியூர் செக்காக இருந்தாலும் 5,000 ரூபாய் வரை உடனே வரவு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. 1995-ல் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டமும் வந்தது. கிளையில் தீராத வழக்குக்கு வக்கீல் இல்லாமல் போக ஓர் இடம்.

இனி அந்தப் புத்தகம். புகார்ப் பெட்டி வேறு, புகார்ப் புத்தகம் வேறு. பெட்டிக்குள் போட்ட சீட்டு என்ன ஆனது என்று போட்டவருக்குத் தெரியாது. புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் கிழிக்கும்படி துளையிட்ட நகல்கள் உண்டு. ஒன்று எழுதியவருக்கு ஒப்புதல், ஒன்று மேல் அலுவலகத்துக்கு. நான் தாலுகா ஆபீசில் காலம் தள்ளியவன். தன்பதிவேட்டில் ஏறி எண் விழாத மனு மனுவே இல்லை என்பது எங்கள் வேதம். இந்த நகலை யோசித்தவர் நிச்சயம் ஒரு பழைய குமாஸ்தாவாகத்தான் இருப்பார்.

2003 கடைசியில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் துணை கவர்னர் எஸ்.எஸ். தாராபூர் தலைமையில் இன்னொரு குழு. சாதாரண மனிதர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்தது. செக்கைப் பெட்டியில் போடு என்று விரட்டாமல், கேட்டால் கவுன்டரில் வாங்கி ஒப்புதல் தர வேண்டும் என்றது. இறந்தவர் கணக்கு விஷயமும் அதிலிருந்துதான். 2005-ல் ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டது. நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் நீதிமன்ற வாரிசுச் சான்று, ஜாமீன் எதுவும் கேட்கக் கூடாது. பணத்தை 15 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நான் புத்தகம் கேட்டது இதற்காகத்தான். சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஓர் அம்மா, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், கணவரை இழந்தார். அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்தவர். கணக்கில் நாற்பத்தோராயிரம் ரூபாய் சொச்சம். பாஸ்புக்கில் நியமனம் பதிவானதற்கு அடையாளம் இருந்தது. கிளையில் கோர்ட் சான்றும் இரண்டு ஜாமீன்தாரர்களும் கேட்டார்கள். பஸ் செலவு செய்து மூன்று முறை போய்த் திரும்பியிருந்தார். "சாமி, நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கவுன்டரில் இருந்த பையன் வடக்கத்தி. தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். புகாரில் அவன் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. உத்தரவு என்ன, கேட்டது என்ன, எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் எழுதி, என் நகலைக் கிழித்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். பதினோராம் நாள் பணம் வந்துவிட்டது. மேனேஜர் அதன்பின் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது போகட்டும்.

2011-ல் தாமோதரன் குழுவும் அறிக்கை கொடுத்தது. 2021 நவம்பரில் எல்லாக் குறைதீர்ப்பாளர் திட்டங்களையும் ஒன்றாக்கி, 14448 என்று ஓர் எண்ணும் கொடுத்தார்கள். முதலில் வங்கியில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அங்கே போகலாம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017-லேயே உத்தரவு உண்டு. மலைப்பாதையில் எங்கள் வீட்டுக்கு யார் வருவார் என்பது வேறு விஷயம்.

நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கிளைதோறும் வாடிக்கையாளர் சேவைக் குழு இருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும், வாடிக்கையாளர்களும், கூடுமானால் ஒரு மூத்த குடிமகனும் அதில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. இப்போது வந்திருக்கும் மேனேஜரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "15-ஆம் தேதி வாங்க சார்" என்றார். போனேன். ஐந்து பேர் இருந்தோம், டீ கொடுத்தார்கள். கவுன்டர் அருகே இரண்டு நாற்காலி, படிவம் நிரப்பிக் கொடுக்க வாரம் ஒரு நாள் ஓர் ஆள், பாஸ்புக் மெஷின் ரிப்பேர் என்று மூன்று விஷயம் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். எண் போடச் சொன்னேன், போட்டார்கள்.

நாற்காலி வந்துவிட்டது. மெஷின் இன்னும் ஓடவில்லை. அடுத்த கூட்டம் வருகிற 15-ஆம் தேதி.