நிலவிலையும் நடுவே நிற்பவரும்

சோழர், பாண்டியர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளில் ஒரு சிறு நாடகம் மீண்டும் மீண்டும் வருகிறது. இன்ன நான்கெல்லைக்கு உட்பட்ட நிலத்தை விற்கிறேன், கொள்வார் உண்டோ என்று நிலத்துக்குடையவர் முதலில் கேட்கிறார். அம்மொழி கேட்டு இன்னொருவர், யான் கொள்வேன் என்கிறார். பிறகு இருவரும் இசைந்து, தம்முள் இசைந்த விலைப்பொருள் இத்தனை காசு என்று சொல்கிறார்கள். முன்னதை முற்கூறல் என்றும் பின்னதைப் பிற்கூறல் என்றும் ஆவணமே குறிக்கும். உண்மையான பேரம் அதற்கு முன்பே ஏதோ ஒரு திண்ணையில் முடிந்திருக்கக்கூடும்; கல்லில் இருப்பது வாய்ப்பாடாக உறைந்துவிட்ட வாசகம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சமூகம் எதை முறையென்று கருதிற்று என்பதை அறிய வாய்ப்பாடுகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. விற்பவரும் கொள்பவரும் தம் வாயால், பலர் கேட்கப் பேசவேண்டும் என்பது அன்றைய முறை.

வீட்டை நாமே விற்பதா, தரகரிடம் ஒப்படைப்பதா என்ற இன்றைய கேள்வி பெரும்பாலும் தரகுத்தொகைக் கணக்காகவே பேசப்படுகிறது. விற்பனையென்றால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, வாடகையென்றால் ஒரு மாத வாடகை. அதை மிச்சம் பிடிக்கலாமா கூடாதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பணத்துக்கு ஈடாக நாம் எதைப் பெறுகிறோம் என்பதே நம்மை உறுத்தும் கேள்வி. அதற்கு விடை தேடப் பின்னோக்கித்தான் போகவேண்டியிருக்கிறது.

தரகு என்ற சொல் புதியதன்று. பல்லவர், சோழர் செப்பேடுகளில் தானம் பெற்றவர்க்கு விட்டுக்கொடுக்கப்படும் வரிகளின் நீண்ட பட்டியலில், தறிக்கும் தட்டாரப்பாட்டத்துக்கும் பக்கத்தில் தரகும் நிற்கிறது. வரி விதிக்கும் அளவுக்கு அத்தொழில் நடந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அது நிற்கும் இடத்தைக் கவனிக்கவேண்டும். நெசவு, செக்கு, பொன்வேலை என்று அங்காடியைச் சார்ந்த தொழில்களின் வரிசை அது. நிலவிலை ஆவணத்தின் வாய்ப்பாட்டிலோ தரகருக்கு இடமில்லை. விற்பவர், கொள்பவர், அறிவோர், எழுதியவர், அவ்வளவே.

காரணம் எளியது. மாட்டுச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசும் தரகர் அங்கே இன்றியமையாதவர், ஏனெனில் மாடு வெளியூரிலிருந்து வருகிறது. அதன் சுழியை நாம் பார்க்கலாம். முட்டுமா, உழவில் படுக்குமா என்பது விற்பவனுக்குத்தான் தெரியும். விற்பவனையோ நமக்குத் தெரியாது. நிலம் அப்படியன்று. அது ஊரிலேயே கிடக்கிறது. அதன் நீர்முறை, அதன் வரப்புத் தகராறு, உடையவனுக்கு எத்தனை தாயாதிகள் என்பதெல்லாம் ஊரறிந்தவை. தெரிந்ததைச் சொல்ல ஒருவருக்குக் கூலி கொடுப்பானேன்?

ஆயினும் நடுவே ஒருவர் இருக்கத்தான் செய்தார். அவர் பெயர் மத்தியஸ்தன். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921), சிறுவன் குடத்திலிருந்து எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பவர் இவரே. சபையார் பணிக்க ஆவணம் எழுதுபவராகவும் பல கல்வெட்டுகளில் மத்தியஸ்தன் கையொப்பமிடுகிறார். சொல்லின் நேர்ப்பொருளே நடுவில் நிற்பவன் என்பதுதான். ஆனால் அவர் சபையின் பணியாளர். விலை ஏறினாலும் இறங்கினாலும், விற்பனை நடந்தாலும் நின்றாலும் அவருக்கு ஆவதொன்றில்லை. ஆவணத்தின் மெய்யும் ஊரவையின் பொறுப்பாகவே இருந்தது. சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட கதையை நினைவுகூரலாம். சுந்தரர் தமக்கு அடிமை என்று கிழவேதியர் ஓலை காட்ட, திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. காப்பிலிருந்த பாட்டனாரின் வேறோர் ஓலையை வருவித்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வழக்காட வந்தவர் இறைவனே ஆயினும் சரிபார்ப்பு விலக்கப்படவில்லை!

இதைப் பொற்காலமாக்கிப் பேசும் எண்ணம் நமக்கில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், யார் வாங்கக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. முதலாம் இராஜராஜனின் 17ஆம் ஆட்சியாண்டு ஆணையொன்று, பிரமதேயங்களில் நிலம் வைத்திருந்த பிற குலத்தாரை, சில விலக்குகள் நீங்கலாக, அதை விற்றுவிடச் சொல்கிறது. கொள்வார் உண்டோ என்ற கூவல் எல்லார் செவிக்கும் உரியதாய் இருக்கவில்லை.

ஊரின் நினைவிலிருந்து அரசின் காகிதத்துக்கு நிலம் இடம்பெயர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். 1864 முதல் அடுத்தடுத்து வந்த பதிவுச் சட்டங்கள் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றன. அதுவே திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த ஆவணத்தால்தான் நடக்கும் என்றது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். (கிரயப் பத்திரத் தமிழ் ஒரு தனி உலகம். தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று முழங்கும் அந்த நடை ஒருநாள் விரிவாக எழுதத் தக்கது.) இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. சார்பதிவாளர் பதிவது ஆவணத்தைத்தான். விற்பவருக்கு உரிமை உண்டென்று அரசு அதனால் உறுதி கூறுவதில்லை. வில்லங்கச் சான்றும் பதிவேட்டில் ஏறியதை மட்டுமே காட்டும். பதிவுக்கு வராத பாகத் தகராறும், எங்கோ இருக்கும் தங்கையின் பங்கும் அதில் தெரியா.

நகரத்தில் அந்நியனிடம் அந்நியன் வீடு வாங்கும்போது, ஊரவைக்குத் தெரிந்திருந்த அந்த அறிவு யாரிடம் போய்ச் சேர்ந்தது? தெருமுனைத் தேநீர்க்கடையில் அமர்ந்திருக்கும் தரகரிடம். எந்த வீடு மகள் திருமணத்துக்காக விற்பனைக்கு வருகிறது, எதில் அண்ணன் தம்பி வழக்கு, எந்தக் கிணறு வைகாசியில் வற்றும் என்பதை அவரே அறிவார். நாம் தரகாகக் கொடுப்பது இந்த ஊரறிவுக்கான விலை. அதில் குறையொன்றுமில்லை. சிக்கல், அவருக்குக் கூலி கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. விற்பனை முடிந்தால்தான் கூலி, முறிந்தால் இல்லை. ஆகவே கிணறு வற்றும் என்று வாங்குபவரிடம் சொல்வது அவருக்கு நட்டம். அறிவுக்காகக் கூலி பெறுபவரை மௌனத்தால் மட்டுமே கூலி பெறும் நிலையில் வைத்திருக்கிறோம். மத்தியஸ்தனுக்கும் தரகருக்கும் உள்ள தொலைவு குணத்தைப் பற்றியதன்று, படியளப்பதைப் பற்றியது.

வாடகையில் அரசே நடுவில் நிற்க முயன்ற காலமும் உண்டு. போர்க்காலத்தில், 1941இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு பல சட்டங்களாக மாறி 1960ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. அதன் 3ஆம் பிரிவின்படி வீடு காலியானால் உரிமையாளர் ஏழு நாளுக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். அரசு தன் அலுவலர்க்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும். வாசலில் பலகை மாட்டுவதும் தரகரிடம் சொல்வதும் அதன் பிறகுதான், சட்டப்படி. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 அன்று நடைமுறைக்கு வந்தபோது 1960ஆம் ஆண்டுச் சட்டம் விலகியது.

வீடு விடுவதில் தரகருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை யாரும் கூலிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்ன சாதி, இன்ன மதம், இன்ன உணவு, தனியாள் கூடாது என்று உரிமையாளர் தாம் சொல்லக் கூசுவதை அவர் சொல்கிறார். ‘வேறு இடம் பார்ப்போம் சார்’ என்ற ஒரே வாக்கியத்தில் இராஜராஜன் ஆணை சுருங்கிவிடுகிறது. நாமே விட்டால் இது மாறிவிடுமா என்றால் மாறாது. சைவ உணவினர்க்கு மட்டும் என்று கூசாமல் எழுதிய பலகைகளையும் பார்க்கிறோம். ஆனால் நேரில் பேசும்போது மறுப்பவருக்கு ஒரு முகம் இருக்கிறது. மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கவாவது முடியும்.

தரகருக்கு வாயை மட்டுமின்றிக் கையையும் கொடுத்துவிடும் வழக்கமும் பரவியது. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து, அதன்மேல் கைமாற்றிக்கொண்டே போவது. இத்தகைய கைமாற்றம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 11.10.2011 அன்று தெளிவாகச் சொல்லிற்று. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் முகவர்கள் பதிவு பெறவேண்டும் என்றது. ஆனால் அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு பதிவுபெற்ற புதுக் கட்டுமானத் திட்டங்களின் விற்பனையைப் பற்றியதே. பழைய வீட்டை விற்றுத் தருபவரும், மாடிப் பகுதிக்குக் குடிவைப்பவரும் அதன் கைக்கு எட்டாதவர்கள்.

முற்கூறல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எழுதிக்கொடுத்தவர் தாமே வந்து, இது நான் எழுதிக்கொடுத்ததுதான் என்று சார்பதிவாளர் முன் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் வைத்திருக்கிறது. அதிகாரம் பெற்ற முகவர் வந்தால் அது விதிவிலக்கு. வந்திருப்பவர் அவர்தானா என்று அடையாளம் காட்டச் சாட்சிகள் வேண்டும். அண்டைவீட்டார் யாரும் உடன்வராத பல பதிவுகளில் அந்த இடத்தில் நின்று கையொப்பமிடுபவர் தரகரே.