தோட்டம் என்னும் சொல்லும் நிலச் சட்டமும்

நெகிரி செம்பிலானில் தோட்டம் என்பது நெடுங்காலம் ஊர்ப்பெயராகவே வழங்கிற்று. லாபுத் தோட்டம், லின்சம் தோட்டம் என்று சொன்ன அளவில் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பால்மரக் காடு யாவும் கேட்பவர் மனத்தில் ஒருங்கே எழும். நிலச் சட்டத்தில் அச்சொல் வேறு பொருளில் நிற்கிறது.

1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம், நிலப் பயன்பாட்டை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்றாகப் பகுக்கும். அதன் 214ஏ பிரிவு 'தோட்ட நிலம்' என்பதற்கு இலக்கணம் கூறுகிறது: ஒரு பட்டாவிலோ பல பட்டாக்களிலோ அடங்கி, 40 ஹெக்டேருக்குக் குறையாது, ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் வேளாண் நிலம். பரப்பும் பட்டாவும் இதில் உள, குடியிருப்போர் இலர். எண்ணை அடுத்து நிற்கும் எழுத்தே இப்பிரிவு பின்னர் செருகப்பட்டது என்பதைக் காட்டும். செருக நேர்ந்ததற்குக் காரணம், நம் முன்னோர் துண்டாடல் என்று அஞ்சிய நிகழ்வு. பெருந்தோட்டங்களை வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்க, பாட்டாளிகள் வேலையையும் லயத்தையும் ஒருசேர இழந்தனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்தார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்ட நிலம் கைம்மாறுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இவ்வரலாற்றின் பிள்ளை.

தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமோ 20 ஹெக்டேருக்கு மேற்பட்ட வேளாண் நிலத்தையே தோட்டம் என்கிறது. ஆகவே 30 ஹெக்டேர் நிலம் ஒரு சட்டத்தில் தோட்டம், மற்றதில் அன்று. இரண்டும் பிழையில்லை. நன்னூலார் கூறும் குழூஉக்குறியை இங்கு நினைக்கலாம். ஒரு குழுவினர் தமக்குள் வைத்துக்கொண்ட பொருள் அது; சட்டக் குறியோ குழுவுக்குப் புறத்தே உள்ளோரையும் கட்டும்.

நம்மை நெடிது நிறுத்தியது 115ஆம் பிரிவு. வேளாண் நிலத்தில் எத்தகைய கட்டடம் எழலாம் என்பதை அது வரையறுக்கிறது. குடியிருப்பு உண்டு, கல்வி, மருத்துவம், துப்புரவு, 'பிற நலன்சார் வசதிகள்' உண்டு. பள்ளிக்கூடம் கல்வியில் அடங்கும். கோயில் பெயர் சொல்லப்படவில்லை. சிறப்புச் சொற்களை அடுத்து வரும் பொதுச்சொல் அவற்றின் இனத்தையே தழுவும் என்பது சட்ட உரைமரபு. அம்மரபை இறுகப் பற்றுவோர் கோயிலை விலக்கக்கூடும். எனினும் பண்டங்கள் விற்கும் கடையையும் அப்பிரிவு நலன்சார் வசதியாகவே எண்ணுகிறது. கடைக்கு இடமுண்டெனில் மாரியம்மனுக்கும் உண்டு என்பதே நம் துணிபு.

ஆயின் இடர் அதனினும் நுண்ணிய தொடரில் ஒளிந்துள்ளது. அவ்வசதிகள் யாவும் அவ்வப்போது அந்நிலத்தில் வாழ்வோர்க்கும் உழைப்போர்க்கும் உரியவை. 'அவ்வப்போது' என்ற அச்சிறு சொல்லைக் கவனியுங்கள். லயம் காலியானால் அச்சொல் சுட்டும் மாந்தர் இலர். நில உரிமையாளர் விண்ணப்பித்து, மாநில அரசு வேளாண்மையைக் கட்டடமென மாற்ற இசைந்தால் 115ஆம் பிரிவின் பட்டியலே பொருந்தாது போகும். மூன்று தலைமுறை விளக்கேற்றிய இடமாயினும் பட்டாவில் அதற்குச் சொல் இல்லை. நீலாய், சிரம்பான் பகுதிகளில் தோட்டங்கள் நகரங்களான காலத்தில் நம்மவர் பலர் இதை வெகு தாமதமாகவே அறிந்தனர்.

மலாய் மொழியில் 'லாடாங்' என்பது முன்பு மேட்டுநிலப் புனப்பயிரைக் குறித்தது. பின்னர் பெருந்தோட்டத்தைக் குறித்தது. தோட்டம் மறைந்த பின்னும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அச்சொல் இன்றும் நிற்கிறது.