ஜான்சன் சேர்க்க மறுத்த சொல்

அகராதி தொகுத்த ஒருவரின் வாழ்க்கை வரலாறே பின்னாளில் அகராதிகளுக்குத் தீனியாகிப்போன கதை இது. சாமுவேல் ஜான்சனைப் பற்றி ஜேம்ஸ் பாஸ்வெல் எழுதிய பெரிய புத்தகம் 1791இல் வெளிவந்தது. அதிலிருந்து எடுத்த வரிகளை இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணையப் பதிப்பிலும் ஆங்கில விக்சனரியிலும் பார்க்கலாம். ஒரு சொல்லைத் தேடிப் போகிறோம். பொருளுக்குக் கீழே ஓர் ஆண்டு, பாஸ்வெல் பெயர், ஒரு வரி. அவ்வளவுதான், மூடிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வரி யாருடையது, அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தால்தான் சிக்கல் தெரியும்.

முதலில் ஜான்சனின் அகராதி. 1755இல் வந்தது. நாற்பத்திரண்டாயிரம் சொற்களுக்கு மேல், ஒரு லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்கள். ஜான்சன் புத்தகங்களில் வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுப்பார், அவருடைய லண்டன் வீட்டு மாடியில் உட்கார்ந்து உதவியாளர்கள் நகலெடுப்பார்கள். அப்படி எடுத்த வரிகளை இடத்துக்குத் தக்கபடி வெட்டினார், சிலவற்றை மாற்றவும் செய்தார். மேற்கோள் என்பது பிடுங்கி நட்ட நாற்று மாதிரி, பழைய மண் கொஞ்சம் உதிரத்தான் செய்யும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது 1772, மார்ச் 23. அகராதியின் நான்காம் பதிப்புக்காகத் திருத்தங்கள் செய்துகொண்டிருந்தார் ஜான்சன். பார்க்கப் போன பாஸ்வெல்லுக்கும் அவருக்கும் 'சிவிலைசேஷன்' என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தச் சொல் அகராதியில் ஏற்கெனவே இருந்தது, ஆனால் குற்ற வழக்கை உரிமையியல் வழக்காக மாற்றுவது என்கிற சட்டப் பொருளில் மட்டும். காட்டுமிராண்டி நிலைக்கு எதிரான நிலை என்ற புதுப் பொருளை ஜான்சன் ஏற்கவில்லை. அதற்கு 'சிவிலிட்டி' போதும் என்றார். பாஸ்வெல்லுக்கு அது சரியாகப் படவில்லை. சிவிலிட்டி என்றால் மரியாதை என்றும் ஆகிவிடுகிறதே, ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை எதற்கு என்பது அவர் வாதம். பெரியவர் மசியவில்லை.

நூறாண்டுக்குப் பின் ஜேம்ஸ் மரேயின் குழு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்தபோது, இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ஆகப் பழைய சான்றாக வைத்தது எதைத் தெரியுமா? பாஸ்வெல்லின் இதே பத்தியைத்தான், 1772 என்று ஆண்டு போட்டு. சொல்லை உள்ளே விடாத சம்பவமே அந்தச் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது! பிறகு இன்னும் பழைய சான்றுகள் கிடைத்தன. ஸ்காட்லாந்தின் ஆடம் ஃபெர்குசன் 1767லேயே சொல்லைக் கையாண்டிருக்கிறார். பிரெஞ்சில் மிராபோ அதற்கும் பத்தாண்டு முந்தி.

ஆனால் 1772 என்பது பேச்சு நடந்த ஆண்டு. அச்சில் வந்தது 1791. நடுவில் 19 ஆண்டுகள், ஜான்சனின் மரணமும் (1784) அதில் அடக்கம். பாஸ்வெல் குறிப்பெடுப்பதில் சூரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறிப்புகளை அப்படியே அச்சுக்குக் கொடுத்தவர் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் மாலஹைட் கோட்டையிலும் ஃபெட்டர்கெய்ர்ன் மாளிகையிலும் அவருடைய கையெழுத்துத் தாள்கள் கிடைத்த பிறகு, சுருக்கமான குறிப்பு எப்படி விரிந்த உரையாடலாக வளர்ந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அதனால் ஜான்சன் வாய்ச்சொல் என்று நாம் படிப்பதில் எவ்வளவு ஜான்சன், எவ்வளவு பாஸ்வெல் என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டாக வேண்டும்.

விக்சனரிக்காரர்களின் விதி இங்கே உதவுகிறது. ஒரு சொல்லை ஏற்க, ஓராண்டுக்கு மேல் இடைவெளியில், ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் பொதுவாக வேண்டும். அவற்றில் சொல் பயன்பட்டிருக்க வேண்டும், பேசுபொருளாக மட்டும் இருந்தால் போதாது. இந்த அளவுகோலில் பாஸ்வெல்லின் பத்தி தேறுமா? இரண்டு பேர் ஒரு சொல்லைச் சொல்லாகவே வைத்துச் சண்டை போடுகிறார்கள். அது பயன்பாடு ஆகாது என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சொல் அப்போது எவ்வளவு புதுசு, எவ்வளவு உறுத்தியது என்பதை ஃபெர்குசனைவிட இந்தப் பத்திதான் நமக்குக் காட்டுகிறது.

நமக்கு இது அந்நிய விஷயமும் இல்லை. குறளின் கண்ணோட்டம் அதிகாரத்தில், 580ஆம் குறளில், 'நாகரிகம்' வருகிறது. நஞ்சைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காத பண்பு அங்கே பேசப்படுகிறது. பரிமேலழகர் அதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் சொல்கிறார். இன்று சிந்துவெளி நாகரிகம் என்கிறோம், 'அவன் நாகரிகமா நடந்துக்கிட்டான்' என்றும் சொல்கிறோம். பாஸ்வெல் பிரிக்க நினைத்த இரண்டையும் தமிழில் ஒரே சொல் சுமக்கிறது. ஜான்சனுக்கு இது தெரிந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

வாழ்க்கை வரலாறுகளிலிருந்து மேற்கோள் எடுத்து இணைய அகராதிகளில் இடுகிறவர்கள் இன்று நிறையப் பேர், சம்பளம் இல்லாத வேலை. அவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பேசிய ஆண்டையும் அச்சான ஆண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். பேசியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டாவது பெயர் விட்டுப்போனால், வாதாடித் தோற்ற பாஸ்வெல் அந்த வரியிலிருந்தே காணாமல் போய்விடுவார். கடைசியில் மொழி ஏற்றுக்கொண்டது அவர் கட்சியைத்தான்.