மறுவும் பிழையும்

மறு என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிறவியிலேயே உடலில் அமைந்த குறியும் மறுதான், குற்றமும் மறுதான். நிலவின் களங்கத்தை மறு என்ற நம் முன்னோர், குறையில்லாதவரை மறுவற்றவர் என்றார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களில் வளர்ந்த நமக்கு அந்த இரண்டாம் பொருளின் கனம் தெரியும். பிள்ளையின் காலிலோ கையிலோ செந்நீலத் திட்டு ஒன்று கண்டால், "ஏட்டி, கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா?" என்பதே பெரியவர்களின் முதற்கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் பெற்றவள்.

அத்தகைய திட்டுகளுள் மிக அரிதான ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம். 1859-இல் லோட்ஸ்பெக் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஒரு குழந்தையின் கன்னத்திலிருந்த கட்டியைப் பற்றி எழுதினார். வியர்வைச் சுரப்பிகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதில் மிகையாகப் பெருகியிருந்தன. நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று விர்ஹோவ் தம் நூலில் நிறுவி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. கட்டியை அறுத்து நுண்நோக்கியில் பார்ப்பது புதிய பழக்கமாயிருந்த காலம் அது.

1904-இல் ஆல்பிரெக்ட் என்பவர், ஓர் உறுப்புக்கு உரிய திசுக்களே அளவும் ஒழுங்கும் தவறிக் கூடி உண்டாகும் வளர்ச்சிக்கு 'ஹமார்ட்டோமா' என்று பெயரிட்டார். இலக்கைத் தவறவிடுதல் என்ற பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்த சொல் இது. துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்கு அரிஸ்டாட்டில் காரணமாகக் காட்டும் 'ஹமார்ஷியா'வும் அதே வேரில் பிறந்ததுதான். அதைத் தீயொழுக்கத்திலிருந்து அவர் பிரித்தே வைத்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள்.

லோட்ஸ்பெக் கண்ட கட்டிக்குத் தனிப்பெயர் கிடைக்க 109 ஆண்டுகள் ஆயின. 1968-இல் ஹைமன், ஹாரிஸ், பிரவுன்ஸ்டைன் ஆகிய மூவரும் அதனை 'எக்ரைன் ஆஞ்சியோமேட்டஸ் ஹமார்ட்டோமா' என்று அழைத்தனர். பாளையங்கோட்டையில் 1964-இல் சித்த மருத்துவக் கல்லூரியும் 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். அதற்கு முன்பும் இந்தப் பள்ளத்தாக்கில் இத்தகைய மறுவோடு பிள்ளைகள் பிறந்திருக்கக் கூடும். பிறந்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த ஒரே விளக்கம் கிரகணமாகத்தான் இருந்திருக்கும்.

பிறப்பிலோ இளவயதிலோ, பெரும்பாலும் கைகால்களில், ஒற்றைத் திட்டாகவோ முடிச்சாகவோ இது தோன்றுகிறது. சிலருக்கு வலிக்கும், சிலருக்கு அவ்விடம் மட்டும் வியர்த்துக் கொட்டும். பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிறு துண்டு எடுத்துத் திசுவைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். இது புற்று அன்று. வலியோ தோற்றமோ தொல்லை தந்தால் அறுத்து நீக்கலாம், இல்லையேல் விட்டுவிடலாம். கருவில் தோலும் அதன் அடித்திசுவும் சேர்ந்து உருவாகையில் நேரும் பிறழ்ச்சியே காரணம் என்று கருதப்படுகிறது.

கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை நாம் வியக்கிறோம். இரண்டிலும் பிழை என்ற பொருள் உண்டு. ஆனால் ஆல்பிரெக்டின் சொல் அந்தப் பிழையைத் திசுவின் மேல் வைத்தது. நம் ஊர் வழக்கு தாயின் மேல் வைத்தது. திருநெல்வேலியின் ஏதோ ஒரு வீட்டில் அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்போது, பதில் சொல்லும் கடமை பெற்றவளுக்கு இல்லை என்பதை அருகில் இருப்பவர் ஒருவராவது எடுத்துச் சொல்லட்டும்.