நோம்பியும் ஒருசந்தியும்: திருப்பூர் வட்டாரக் கிறித்தவரின் தவக்காலம் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய 40 நாள் தவக்காலம் கிறித்தவர் அனைவருக்கும் பொதுவானதொரு வழக்கமாகக் கருதப்படுகிறது. எனினும், கொங்குப் பகுதியில் அது சபைக்குச் சபை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. அதனைக் குறிக்கும் சொற்களின் வரலாறும், திருப்பூரின் தொழில்நேரமும் அதன் வடிவத்தைப் பாதித்தன. உழைப்பவருக்கு நோன்பு என்பது யாது என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: தவக்காலம், லெந்து, ஒருசந்தி, நோம்பி, கருமத்தம்பட்டி, பனியன் தொழில், வேலைநேரம்.

முன்னுரை

கி.பி. 325-இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதி, உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாற்பது நாள்களை ஏற்கெனவே அறியப்பட்ட காலமாகவே சுட்டுகிறது. மேலைத் திருச்சபையில் இக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு வரை 46 நாள்கள் உள்ளன. ஞாயிறுகள் ஆறினையும் நீக்கினால் 40 நாள்கள் எஞ்சும். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே விழுவதால், தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் அமைகிறது. கொங்கு நாட்டில் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டிக் கம்பம் நடுவதும், பழனிக்குத் தீர்த்தக் காவடி புறப்படுவதும் இப்பருவத்திலேயே நிகழ்கின்றன. ஆகவே, புலால் நீக்கி நடந்து வழிபடும் ஒரு பருவத்துக்குள்தான் கிறித்தவத் தவக்காலமும் இங்கு வந்து பொருந்தியது.

சொற்களின் வரலாறு

தமிழ்க் கத்தோலிக்க மரபில் நோன்பைக் குறிக்கப் பழைய மறைக்கல்வி நூல்கள் கையாண்ட சொற்கள் ஒருசந்தி, சுத்தபோசனம் என்பனவாகும். ஒருசந்தி நாளுக்கு ஒருவேளை முழு உணவு கொள்வதையும், சுத்தபோசனம் புலால் தவிர்ப்பதையும் குறித்தன. இவை தமிழர் சமய வழக்கிலிருந்து எடுத்தாளப்பட்டவை. சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் 'உபவாசம்' என்னும் சொல்லை நிலைநிறுத்த, 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 'நோன்பு' என்பதைக் கொண்டது.

கொங்கு வட்டாரத்தில் இச்சொல்லுக்குத் தனித்த நிலை உண்டு. இங்கு 'நோம்பி' என்பது பண்டிகையையே குறிக்கும். தீபாவளியும் நோம்பியே, மாரியம்மன் சாட்டும் நோம்பியே. நோற்றல் என்னும் மூலப்பொருள் பேச்சில் பெரிதும் தேய்ந்து, விருந்தும் உறவுகூடலும் முன்னுக்கு வந்துவிட்டன. இச்சூழலில், உணவைக் குறைப்பதை ஐயமின்றி உணர்த்த நோன்பு என்னும் சொல்லைவிட ஒருசந்தி என்பதே பொருத்தமாக இருந்திருக்கும் எனக் கருதலாம்.

'விபூதிப் புதன்' என்னும் பழைய வழக்கு மேலும் கவனத்திற்குரியது. 1704-இல் திருத்தந்தையின் தூதராகிய தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, கிறித்தவர் சாணத்தை எரித்துச் செய்த நீற்றை நெற்றியில் அணிவதைத் தடுத்தது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டின் ஆணை மலபார்ச் சடங்குகள் குறித்த பூசலை முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும், முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைப் பூசும் நாளை மக்கள் விபூதி என்னும் சொல்லாலேயே அழைத்தனர். நீறு விலக்கப்பட்டும் அதன் பெயர் விலக்கப்படவில்லை. பிற்காலத்தில் 'திருநீற்றுப் புதன்' என்னும் தமிழ் வடிவம் வழக்கில் ஓங்கியபோதும், சொல்லின் பின்புலம் மாறவில்லை.

இருவேறு வருகைகள்

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள கருமத்தம்பட்டி, கொங்குக் கத்தோலிக்கத்தின் தொன்மையான மையங்களுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இயேசு சபைப் பணியில் இதன் வேர்கள் உள்ளன. 1846 அக்டோபர் 4 அன்று மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் இவ்வூரிலேயே. 1850-இல் கோயம்புத்தூர் தனி மறைவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. சாதி வழக்கங்களோடு பிணைந்த சடங்குச் சிக்கல்களில் மனச்சான்றின் அமைதி காணாமல் 1855-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். கத்தோலிக்கருக்குத் தவக்காலம் திருச்சபைச் சட்டமாகவே வந்தது. ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனமும் பாஸ்காக் கால நற்கருணையும் 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் முதலே கடமைகளாயிருந்தன.

சீர்திருத்தச் சபையின் வருகை இதனின்றும் வேறுபட்டது. 1830-இல் கோவையில் பணியைத் தொடங்கிய இலண்டன் மிஷன் சங்கம் பெரும்பான்மையும் காங்கிரிகேஷனல் மரபினது. அம்மரபின் பின்னணியிலுள்ள ஆங்கிலத் தூய்மைவாதம், திருமறையில் ஆதாரமில்லாத திருநாள்களை ஏற்கவில்லை. 1645-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் வழிபாட்டு நெறிநூல் அவற்றைத் தொடர வேண்டியதில்லை என விதித்தது. எனவே, கோவை வட்டாரத்தின் இலண்டன் மிஷன் சபைகளில் லெந்து கட்டாய ஆசரிப்பாக வேர்கொள்ள மரபுவழிக் காரணம் இல்லை. மாறாக, ஆங்கிலிக்கன் பணித்தளமான திருநெல்வேலியில் பொது ஜெப நூலின் வழியாக லெந்து நாள்கள் சபை வாழ்வில் ஊன்றியிருந்தன.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவ்விரு ஓடைகளும் ஒன்றாயின. அச்சபையின் பொது வழிபாட்டு நூல் 1963-இல் வெளிவந்தது. பின்னர், பனியன் தொழிலை நாடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தம் லெந்து வழக்கத்தையும் உடன் கொணர்ந்தன. இவற்றை நோக்க, திருப்பூர் வட்டாரத் தென்னிந்தியத் திருச்சபையில் இன்று காணும் லெந்து, மிஷனரிகளிடமிருந்து நேரடியாகப் பெற்ற உடைமை எனக் கொள்வது பொருந்தாது. சபை ஒன்றிப்பும் உள்நாட்டு இடப்பெயர்வும் சேர்ந்து வளர்த்த வழக்கம் என்பதே பொருந்தும்.

நோன்பும் வேலைநேரமும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1920-களில் தொடங்கி, 1970-களின் இறுதியில் ஏற்றுமதித் தொழிலாக விரிந்தது. 1984-இல் பஞ்சப்படி கோரி நடந்த 127 நாள் வேலைநிறுத்தம் அதன் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். காலை 8.30 முதல் இரவு 8.30 வரையிலான 'ஒன்றரை ஷிப்ட்', பீஸ் ரேட், சனிக்கிழமைச் சம்பளம் ஆகியவை இந்நகரத்தின் காலக் கணக்கை வகுக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைச் சிலுவைப் பாதை அக்கணக்கில் எளிதில் அடங்குவதில்லை. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தொழில் நிறுவன விடுமுறைச் சட்டம் தேசிய விடுமுறைகளுக்கு அப்பால் ஐந்து பண்டிகை விடுமுறைகளை வழங்குகிறது. ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைத் தேர்ந்து வகுப்பதால், பெரிய வெள்ளிகூட எல்லாப் பனியன் கம்பெனிகளிலும் விடுமுறையாக அமையும் என்பதற்கு உறுதியில்லை.

இம்முரண் திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. 1522-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், பிராங்பேர்ட் சந்தைக்கு நூல்களை முடித்துக்கொண்டிருந்த சூரிச் அச்சகத் தொழிலாளருக்கு இறைச்சி உணவு அளிக்கப்பட்டது. வேலையின் கடுமையே காரணம் என அச்சகத்தார் புரோஷவர் வாதிட, சுவிங்கிலி அதனை ஆதரித்து எழுதினார். சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தத்தின் தொடக்க நிகழ்வுகளுள் இது ஒன்று. ஏற்றுமதிக் கெடுவும் நோன்பும் மோதுவது ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையது என்பது இதனால் விளங்கும்.

கத்தோலிக்க மரபும் இதனை அறிந்திருந்தது. ஒத்திவைக்க இயலாத கடும் உழைப்பில் இருப்போர் நோன்புக் கடமைக்கு உட்பட்டவரல்லர் எனத் தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'பேனித்தெமினி' என்னும் மடல், நோன்பு நாள்களைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டாகச் சுருக்கியது. வறுமை மிகுந்த நாடுகளில் கிறித்தவர் சமூக நீதியை வளர்க்க முயன்றுகொண்டே தம் துன்பத்தை மன்றாட்டில் ஒப்புக்கொடுப்பது சிறந்தது எனவும் அம்மடல் கூறியது. இக்கூற்றின் இருபகுதிகளும் சேர்ந்தே படிக்கப்பட வேண்டும். துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் என்னும் பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளப்படின், தவக்காலம் நீண்ட வேலைநேரத்துக்கு ஆன்மிக அங்கீகாரம் அளிப்பதாகிவிடும்.

சரத் சாரி 2004-இல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு, தொழிலாளராயிருந்து முதலாளியரான கவுண்டர் சமூகத்தார் தம் 'உழைப்பை'யே மூலதனமாக எடுத்துரைப்பதைக் காட்டுகிறது. உடலை வருத்துதல் உயர்வுக்கு வழி என்னும் இப்பேச்சு, தவத்தின் மொழிக்கு மிக அணுக்கமானது. ஆனால், தவம் ஒருவர் தாமே ஏற்பது. கூலிக்காக நீளும் வேலைநேரம் அவ்வாறு ஏற்கப்படுவதன்று. இரண்டையும் பிரித்தறிவதற்கான அளவுகோல் தவக்கால வாசகங்களிலேயே உள்ளது. திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று கத்தோலிக்க வழிபாட்டில் வாசிக்கப்படும் எசாயா 58-ஆம் அதிகாரம், நோன்பு நாளிலும் தம் வேலையாள்களை ஒடுக்குவோரைக் கண்டித்து, நுகத்தடியை அவிழ்ப்பதே உண்மை நோன்பு என வரையறுக்கிறது.

முடிவுரை

திருப்பூர் வட்டாரத் தவக்காலம் ஒரே மூலத்திலிருந்து வந்ததன்று. கத்தோலிக்கருக்கு அது சட்டமாகவும், தென்னிந்தியத் திருச்சபையினருக்கு ஒன்றிப்பாலும் இடப்பெயர்வாலும் பெற்ற வழக்கமாகவும் அமைந்தது. ஒருசந்தி, விபூதி ஆகிய சொற்கள், இறையியல் ஆணைகள் வகுத்த எல்லைகளை மக்கள்மொழி கடந்து சென்றதைக் காட்டுகின்றன. தவக்காலத்தைப் புதுப்பித்தலின் காலம் என்கின்றனர். பன்னிரண்டு மணிநேரம் நின்றும் குனிந்தும் உழைப்பவரிடம் ஒருவேளை உணவைக் கேட்பதைவிட, அவருக்கு ஒரு வெள்ளி மாலையைப் பெற்றுத் தருவது அப்புதுப்பித்தலுக்கு நெருக்கமானது. சபைகள் தொழில்நகரங்களில் தவக்காலத்தை எவ்வாறு ஆசரிக்கின்றன என்பதை ஆராய்வோர், வழிபாட்டு நூல்களோடு ஷிப்ட் அட்டவணைகளையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.